ஒரே நகரத்தில் எட்டுப் பழைய தேவாலயங்கள்: எதை, எப்போது, எப்படிப் பார்ப்பது?

வழிப்போக்கன்3 கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஐரோப்பாவின் பழைய நகரம் ஒன்றில் இரண்டு முழு நாட்கள் இருக்கப்போகிறோம். நடக்கும் தூரத்திலேயே ஒரு பேராலயமும் ஏழு பழைய தேவாலயங்களும் இருக்கின்றன. விடுதிக்குப் பக்கத்தில் இருப்பதில் தொடங்கி எட்டையும் வரிசையாகப் பார்த்துவிடலாம் என்பது இப்போதைய திட்டம்.

இது நடக்குமா? எந்த நேரத்தில் போவது நல்லது? எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, உள்ளே போனதும் எதைப் பார்ப்பது? மூன்றாவது தேவாலயத்தோடு எல்லாம் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும் என்று பயமாக இருக்கிறது. நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. அம்மாவும் வருகிறார், அவருக்கு முழங்கால் வலி உண்டு.

---

சாளரம்:

எட்டு வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று, அதற்கு மேல் கண்ணும் காலும் ஒத்துழைக்காது. பேராலயத்துக்கு இரண்டு மணி நேரம், மற்றவற்றுக்குத் தலா முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டில் ஐந்தை எடுங்கள். அந்த ஐந்தும் வெவ்வேறு காலத்தவையாக இருக்கட்டும்: அரைவட்ட வளைவுகள் கொண்ட ரோமனெஸ்க் ஒன்று, கூர்வளைவுகள் கொண்ட கோதிக் ஒன்று, குவிமாடமும் பொற்பூச்சும் நிறைந்த பரோக் ஒன்று, மற்ற இரண்டு உங்கள் விருப்பம். மூன்று கோதிக் தேவாலயங்களை அடுத்தடுத்துப் பார்ப்பதால்தான் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றுகிறது.

வரிசையை வரைபடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெயிலையும் வழிபாட்டு நேரத்தையும் வைத்து முடிவு செய்யுங்கள்.

முதலில் வெயில். இடைக்காலத் தேவாலயங்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கிக் கட்டப்பட்டவை. மேற்கு வாசலில் நுழைந்தால் நேர் எதிரே பலிபீடம், அது கிழக்கு. வலக்கைப் பக்கம் தெற்கு, இடக்கைப் பக்கம் வடக்கு. ஆகவே பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கும் வண்ணக் கண்ணாடிகளைப் பார்க்கக் காலை நேரம், தெற்குச் சுவருக்கு நண்பகல், நுழைவாயிலுக்கு மேலே இருக்கும் பெரிய வட்டமான ரோஜாச் சாளரத்துக்குப் பிற்பகல் கடைசி. வடக்குச் சாளரங்களில் நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் இருக்கும், அவற்றை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். காலையில் போய் ரோஜாச் சாளரத்தைத் திரும்பிப் பார்த்து, "மங்கலாக இருக்கிறதே" என்று ஏமாறுபவர்கள் நிறையப் பேர். சாளரத்தின் மேல் குறையில்லை, சூரியன் எதிர்ப்பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. வத்திக்கானின் புனித பேதுரு ஆலயம் தலைகீழ்: முகப்பு கிழக்கே, பலிபீடம் மேற்கே. பிரான்சின் ஷார்த்ர் பேராலயம் நேர்கிழக்கில் இல்லாமல் வடகிழக்காகத் திரும்பியிருக்கிறது. எனவே முந்தைய நாளே கைப்பேசி வரைபடத்தில் கட்டடத்தின் திசையைப் பார்த்துவிடுங்கள். பரோக் தேவாலயங்கள் தெருவின் போக்குக்குத் தக்கபடி எந்தத் திசையிலும் நிற்கும். அவற்றில் பெரும்பாலும் நிறமற்ற கண்ணாடிதான், வெளிச்சம் குவிமாடத்தின் அடியிலிருந்து இறங்கும். நண்பகல் அவற்றுக்கு நல்ல நேரம்.

அடுத்தது வழிபாடு. ஞாயிறு காலை பேராலயம் பார்வையாளருக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் மறப்பது சனிக்கிழமை மாலை: கத்தோலிக்கத் தேவாலயங்களில் ஞாயிறுக்கான திருப்பலி (மாஸ் வழிபாடு) சனி மாலையே ஒருமுறை நடக்கும். சனி பிற்பகலில் திருமணங்களும் வரும். இத்தாலியில் சிறிய தேவாலயங்கள் மதியம் பன்னிரண்டரை வாக்கில் பூட்டிவிட்டு மூன்றரை, நான்குக்குத்தான் திறப்பார்கள். ஆகவே அங்கே சிறியவற்றைக் காலையில் பாருங்கள், மதியமும் திறந்திருக்கும் பெரிய பேராலயத்தை நடுப்பகலுக்கு வையுங்கள். வரைபடச் செயலி காட்டும் திறப்பு நேரத்தை நம்ப வேண்டாம். அதில் வழிபாட்டுக்காக மூடும் இடைவெளிகள் பெரும்பாலும் இருக்காது. தேவாலயத்தின் சொந்த இணையப் பக்கத்தில் திருப்பலி நேரம் தனியாக இருக்கும், அதைப் பாருங்கள். முதல் நாள் மாலை அந்த வழியாகப் போனால் கதவில் ஒட்டியிருக்கும் தாளையும் படித்துவிடுங்கள். அடக்கச் சடங்கு, இசை ஒத்திகை போன்ற திடீர் மூடல்கள் அந்தத் தாளில்தான் வரும்.

---

ஆயரின்_நாற்காலி:

மேலே சொன்னது சரி. பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தவறான கட்டடத்துக்கு முன்பதிவு செய்துவிடுவீர்கள்.

பேராலயம், அதாவது கதீட்ரல், என்றால் பெரிய தேவாலயம் என்று பொருளல்ல. ஆயரின் (பிஷப்பின்) அதிகார இருக்கை எங்கே இருக்கிறதோ அதுதான் கதீட்ரல். அந்த இருக்கையின் பெயரிலிருந்து வந்த சொல் அது. பசிலிக்கா என்பது கத்தோலிக்க மரபில் திருத்தந்தை (போப்) வழங்கும் தகுதிப் பெயர். (பண்டைய ரோமானியர் கட்டிய ஒருவகைப் பொதுக்கூடத்துக்கும் அதே பெயர்தான்.) ரோம் நகரின் கதீட்ரல் புனித பேதுரு ஆலயம் அல்ல, லாத்தரன் புனித யோவான் பேராலயம். பார்சிலோனாவில் எல்லாரும் தேடிப்போகும் சக்ராடா ஃபமிலியா 2010இல் அர்ப்பணிக்கப்பட்ட பசிலிக்கா. அந்நகரின் கதீட்ரல் பழைய நகருக்குள் இருக்கிறது, அதன் உள்முற்றத்தில் 13 வெள்ளை வாத்துகள் வளர்கின்றன. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயும் வெஸ்ட்மின்ஸ்டர் கதீட்ரலும் வேறு வேறு. முன்னது அரச முடிசூட்டு நடக்கும் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆலயம், பின்னது 1903இல் திறந்த கத்தோலிக்கப் பேராலயம். இரண்டுக்கும் நடுவே சில நிமிட நடைதான், அதனால்தான் ஆட்கள் மாறிப்போகிறார்கள். ஜெர்மனியின் உல்ம் மின்ஸ்டர் 161 மீட்டர் உயரம், ஆனால் அது ஒருபோதும் கதீட்ரலாக இருந்ததில்லை.

இதில் ஒரு நடைமுறைப் பயன் இருக்கிறது. கதீட்ரலில் கட்டணம், பாதுகாப்புச் சோதனை, வரிசை எல்லாம் இருக்கலாம். அதே நகரின் பங்குத் தேவாலயத்துக்குள் (அந்தந்தப் பகுதி மக்களுக்கான தேவாலயம்) பெரும்பாலும் சும்மாவே நுழையலாம். அங்கே இருக்கும் ஓவியம் கதீட்ரலில் இருப்பதைவிட மேலானதாகக்கூட இருக்கும். ரோமில் ஓவியர் கரவாஜியோ புனித மத்தேயுவைப் பற்றி வரைந்த ஓவியங்கள் மூன்றும் சான் லூயிஜி தேய் ஃபிரான்செஸி என்ற நடுத்தர அளவுத் தேவாலயத்தின் பக்கச் சிற்றாலயம் ஒன்றில்தான் இருக்கின்றன.

---

கல்_படிப்பவர்:

"உள்ளே எதைப் பார்ப்பது" என்ற கேள்விக்கு வருகிறேன். அலங்காரத்தில் தொடங்காதீர்கள். கட்டடம் எங்கே மாறுகிறது என்று தேடுங்கள். பழைய தேவாலயங்களில் பெரும்பாலானவை ஒரே மூச்சில் கட்டி முடிந்தவை அல்ல. கொலோன் பேராலயத்தை 1248இல் தொடங்கி 1880இல்தான் முடித்தார்கள்.

முதல் பத்து நிமிடம் வெளியே. முகப்பை விட்டுவிட்டுப் பின்பக்கம், பலிபீடம் இருக்கும் கிழக்கு முனைக்குப் போங்கள். முகப்பு பல இடங்களில் பிற்காலச் சேர்க்கை. ஸ்பெயினின் சாந்தியாகோ பேராலயத்தில் நாம் படம் எடுக்கும் பரோக் முகப்பு 18ஆம் நூற்றாண்டு. அதைத் தாண்டி உள்ளே போனால் 1188ஆம் ஆண்டைத் தன்மேல் பொறித்திருக்கும் கல்வாசல் நிற்கிறது. கோதிக் ஆலயமென்றால் பின்பக்கத்தில் சுவரிலிருந்து விலகி நின்று முட்டுக்கொடுக்கும் வளைவுகள் தெரியும். உள்ளே இருக்கும் கல் வளைகூரை தன் எடையால் சுவரை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலை இந்த வளைவுகள் வாங்கி, பக்கக்கூடத்தின் கூரைக்கு மேலே கடத்தி, வெளியே நிற்கும் கனத்த தூணில் இறக்குகின்றன. தூணின் உச்சியில் இருக்கும் கூர்நுனிக் கோபுரம் அழகுக்கு மட்டும் வைத்ததில்லை. அதன் எடை, பக்கவாட்டில் வரும் தள்ளலைக் கீழ்நோக்கித் திருப்ப உதவுகிறது. சுவருக்குச் சுமை குறைந்ததால்தான் அத்தனை பெரிய சாளரங்களைத் திறக்க முடிந்தது. இதை வெளியே புரிந்துகொண்டு உள்ளே போனால் கண்ணாடி வேறு மாதிரி தெரியும்.

கணக்குப் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்சின் போவே பேராலயம் சாட்சி. வளைகூரையை 48 மீட்டருக்கு உயர்த்தினார்கள். 1284இல் அதன் ஒரு பகுதி விழுந்தது. பழைய தூண்களுக்கு நடுவே புதிய தூண்களை நட்டுத் திரும்பக் கட்டினார்கள், அந்த நெருக்கத்தை இன்றும் எண்ணிப் பார்க்கலாம். பிறகு 153 மீட்டர்க் கோபுரம் ஒன்றை எழுப்ப, அது 1573இல் சரிந்தது. நடுக்கூடத்தை அவர்கள் கட்டவே இல்லை.

உள்ளே நுழைந்ததும் வாசலருகே ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். வெளிவெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு இருட்டு பழக அவ்வளவு நேரமாவது வேண்டும். பிறகு ஒரு பக்கத் தூண்களை மட்டும் பார்த்துக்கொண்டு பலிபீடத்தை நோக்கி மெதுவாக நடங்கள். தூணின் வடிவம், அதன் தலைப்பகுதிச் செதுக்கல், கல்லின் நிறம், வளைவின் கூர்மை: இவற்றில் ஏதாவது சட்டென்று மாறினால் அங்கேதான் பணம் தீர்ந்தது, அல்லது தீப்பிடித்தது, அல்லது தலைமைக் கொத்தனார் மாறினார். ஷார்த்ரில் 1194 தீயில் பெரும்பகுதி போனது. மேற்கு முகப்பு தப்பியது. அதனால் மேற்கே ரோஜாச் சாளரத்துக்குக் கீழே இருக்கும் மூன்று நெடுஞ்சாளரங்கள் 12ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி, மற்றவற்றில் பெரும்பகுதி 13ஆம் நூற்றாண்டு. இரண்டின் நீலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், வேறுபாடு வெறும் கண்ணுக்கே தெரியும்.

கதை சொல்லும் சாளரங்களைப் பெரும்பாலும் கீழிருந்து மேலாக, இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் கதை முடிவில் இருந்து ஆரம்பிக்கும். அடிக்கட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஷார்த்ரில் ரொட்டி சுடுபவர், இறைச்சி வெட்டுபவர், தோலாடை விற்பவர் என்று தொழில் செய்பவர்களின் காட்சிகள் அங்கேதான் இருக்கின்றன. மேல் சாளரங்களுக்கு 8 மடங்கு உருப்பெருக்கும் சிறிய இருகண்நோக்கி ஒன்று கட்டாயம். 10 மடங்குக்குப் போனால் கையின் நடுக்கமும் பெரிதாகித் தெரியும். விலையுள்ள கேமராவைவிட இதுதான் இந்தப் பயணத்துக்குப் பயன்படும் கருவி.

பாடகர்குழு இருக்கைகளையும் தவறவிடாதீர்கள். மடக்கு இருக்கையைத் தூக்கினால் அடியில் கையகல மரத்திட்டு இருக்கும். மணிக்கணக்கில் நின்று ஜெபித்த துறவிகளும் குருக்களும் விழுந்துவிடாமல் சாய்ந்துகொள்ள வைத்தது அது. அதன் அடிப்பக்கத்தில் தச்சர்கள் விருப்பம்போல் செதுக்கியிருப்பார்கள்: சண்டையிடும் தம்பதி, பாட்டிசைக்கும் பன்றி, பல்வலிக்காரன். புனிதர் உருவங்கள் அங்கே குறைவு. கயிறு கட்டியிருந்தால் தொடாதீர்கள், பணியாளரிடம் கேட்டால் ஒன்றிரண்டைத் தூக்கிக் காட்டுவார்கள்.

இன்னொன்று. பழையது என்றால் கறுப்பாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். அந்தக் கறுப்பு நூற்றாண்டுகளின் மெழுகுவர்த்திப் புகையும் தூசியும். பல ஆலயங்களின் உட்சுவர் வெளிர்நிறப் பூச்சும் வண்ணமுமாகவே இருந்தது. சுத்தம் செய்த ஆலயத்தைப் பார்த்து "புதிதாக்கிக் கெடுத்துவிட்டார்கள்" என்று அவசரப்பட வேண்டாம்.

---

வழிப்போக்கன்3:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. எட்டை ஐந்தாகக் குறைத்துவிட்டேன். மேலும் இரண்டு சந்தேகங்கள். கோபுரம் ஏறுவது அம்மாவுக்கு முடியுமா, அல்லது நான் மட்டும் போய்வரட்டுமா? வழிபாடு நடக்கும்போது நாங்கள் உள்ளே உட்காரலாமா?

---

படிக்கணக்கு:

கோபுரம்: முன்பதிவுக்கு முன் மூன்றைக் கேளுங்கள். எத்தனை படி, மின்தூக்கி உண்டா, ஏறும் வழியும் இறங்கும் வழியும் ஒன்றா. மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஒரே சுழல்படியில் இரண்டு பக்கமும் ஆட்கள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிவரும், படியின் உட்பக்கம் நான்கு விரல் அகலம்கூட இருக்காது. முழங்கால் வலி உள்ளவருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம், நடுவில் திரும்பவும் முடியாது.

கொலோன் தெற்குக் கோபுரம் 533 படி, மின்தூக்கி இல்லை. புளோரன்ஸ் பேராலயத்தில் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி எழுப்பிய குவிமாடம் 463 படி, அங்கும் இல்லை, நேரம் குறித்த முன்பதிவு கட்டாயம். புனித பேதுரு குவிமாடம் 551 படி. மின்தூக்கிச் சீட்டு எடுத்தாலும் பாதிவழிதான், மீதி 320 படியை நடந்தே ஏற வேண்டும். "மின்தூக்கி உண்டு" என்பதை மட்டும் படித்துவிட்டு முதியவர்களைக் கூட்டிப்போய் அங்கே திகைப்பவர்கள் அதிகம். அம்மாவுக்கு ஏற்றவை வேறு: வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயத்தில் தெற்குக் கோபுரம் 343 படி, ஆனால் வடக்குக் கோபுரத்துக்கு மின்தூக்கி இருக்கிறது. செவில் பேராலயத்தின் ஹிரால்டா கோபுரத்தில் பெரும்பாலும் படியே கிடையாது, 35 சரிவுப் பாதைகள்தான். அது முதலில் பள்ளிவாசல் கோபுரம், தொழுகைக்கு அழைப்பவர் குதிரையில் ஏறிச்செல்ல வசதியாகச் சரிவாகக் கட்டினார்கள் என்பார்கள். சரிவும் முழங்காலுக்கு உழைப்புதான், ஆனால் எந்த இடத்திலும் நின்று இளைப்பாறலாம்.

நீங்கள் மேலே இருக்கும் நேரத்தில் அம்மாவைப் பக்கச் சிற்றாலயம் ஒன்றில் உட்கார வையுங்கள். முகப்புச் சதுக்கத்தில் காத்திருப்பதைவிட அது நல்லது. நிலவறைக்கும் படி உண்டு என்பதை மறக்க வேண்டாம். ரோமின் சான் கிளெமெந்தேயில் 12ஆம் நூற்றாண்டு ஆலயம், அதற்கு அடியில் 4ஆம் நூற்றாண்டு ஆலயம், அதற்கும் அடியில் முதல் நூற்றாண்டுக் கட்டடமும் பண்டைய ரோமானியர் வணங்கிய மித்ராஸ் தெய்வத்தின் வழிபாட்டிடமும் என்று மூன்று அடுக்கு. கீழே போகப்போகத் தரை ஈரம், நிலத்தடியில் ஓடும் தண்ணீரின் ஓசை கேட்கும். வழுக்காத காலணி வேண்டும்.

---

திருச்சபைக்கோவில்_ஊழியர்:

தாராளமாக உட்காரலாம். கிறிஸ்தவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான்.

கடைசி வரிசைகளில், நடுவழியை விட்டு ஓரமாக உட்காருங்கள். எல்லாரும் எழும்போது எழுங்கள், மண்டியிடும்போது நீங்கள் உட்கார்ந்தே இருக்கலாம். நற்கருணை (குரு அர்ச்சித்துத் தரும் அப்பம்) வழங்க வரிசை கட்டும்போது இடத்திலேயே இருங்கள். பிரசாதம் போல நினைத்துக் கை நீட்ட வேண்டாம். கத்தோலிக்கருக்கு அது கிறிஸ்துவின் உடல், அந்த நம்பிக்கையில் இருப்பவர்களுக்கு மட்டுமே உரியது. வழிபாட்டின் நடுவே படம் எடுப்பதும் எழுந்து போவதும் கூடாது. முழுவதும் இருக்க முடியாது என்றால் தொடங்குமுன் வெளியேறிவிடுங்கள்.

தோளும் முழங்காலும் மூடிய உடை. ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். ஆர்த்தடாக்ஸ் ஆலயமென்றால் பெண்கள் தலையில் துணி போடுவது வழக்கம், அங்கே பலிபீடத்தை மறைக்கும், புனிதர் படங்கள் நிறைந்த திரைச்சுவருக்குப் பின்னால் எட்டிப்பார்க்கவே கூடாது. பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும் சிறு பேழையைக் கண்டால் உள்ளே நற்கருணை இருக்கிறது என்று அர்த்தம், அந்தச் சிற்றாலயத்தில் பேச்சும் படமும் வேண்டாம்.

இங்கிலாந்து நகரமாக இருந்தால் ஒரு யோசனை: ஆங்கிலிக்கன் பேராலயங்களின் மாலைப் பாடல் ஆராதனைக்குப் போங்கள். பெரும்பாலும் 5 அல்லது 5.30 மணிக்கு, முக்கால் மணி நேரம், கட்டணம் இல்லை. கல் வளைகூரையின் கீழ் மனிதக் குரல் எப்படி நிற்கிறது என்பதை வேறெந்த வழியிலும் அறிய முடியாது. இருபது நிமிடம் முன்னே போனால் பாடகர்குழுவை ஒட்டிய மர இருக்கையிலேயே இடம் கொடுப்பார்கள். பள்ளி விடுமுறைக் காலத்தில் அவர்களுடைய சொந்தக் குழு இருக்காது, வெளிக்குழு பாடும் அல்லது பாட்டில்லாமல் வாசிப்பாக நடக்கும். அன்றைய அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

---

மேகமூட்டம்:

சாளரம் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். நேரடி வெயில் பார்க்க அழகு, தரையில் விழும் நிறத்துக்கு அதுதான் வேண்டும். ஆனால் கண்ணாடியில் இருக்கும் முகங்களையும் ஆடை மடிப்புகளையும் நுணுக்கமாகப் பார்க்கவும் படம் எடுக்கவும் வெளிச்சமான மேகமூட்டம் மேல். வெயில் அடித்தால் மஞ்சளும் வெள்ளையும் கண்ணைக் கூசச் செய்து பக்கத்து நீலத்தை விழுங்கிவிடும்.

கைப்பேசியில் எடுக்கும்போது சாளரத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டி, பிறகு அதை ஒன்று அல்லது இரண்டு படி குறையுங்கள். குறைக்காவிட்டால் கருவி இருண்ட சுவரைக் கணக்கில் எடுத்துக் கண்ணாடியை வெளுத்துவிடும். வளைகூரைக்கு: கூடங்கள் குறுக்கிடும் நடுப்புள்ளியில் கைப்பேசியைத் தரையில் திரை மேலே பார்க்க வைத்து, முன்கேமராவில் 3 நொடி நேரக்கணிப்பு. கழுத்து வலியும் இல்லை, படமும் கோணாது. ஃபிளாஷ், முக்காலி இரண்டும் பெரும்பாலான இடங்களில் தடை.

---

சாளரம்:

ஏற்றுக்கொள்கிறேன், முகங்களுக்கு மேகமூட்டம்தான். விட்டுப்போன ஒன்று: கையில் சில்லறை நாணயங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் பக்கச் சிற்றாலய ஓவியங்களுக்கு நாணயம் போட்டால் எரியும் விளக்குப் பெட்டி இருக்கும், மேலே சொன்ன கரவாஜியோவுக்கும் அப்படித்தான். ஓரிரு நிமிடத்தில் அணைந்துவிடும். உடனே போடாதீர்கள். முதலில் இருட்டில் ஓவியத்தின் அமைப்பைப் பார்த்து, எந்த மூலையைக் கவனிக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டுப் போடுங்கள்.

---

வழிப்போக்கன்3:

குறித்துக்கொண்டேன். முதல் நாள் காலை ரோமனெஸ்க், நண்பகல் பரோக், மூன்று மணிக்குப் பேராலயம், ரோஜாச் சாளரத்தில் வெயில் இறங்கும்வரை அங்கேயே இருப்போம். கோபுரம் இல்லை. இருகண்நோக்கி அம்மா கையில்.